ஒளுத் தண்ணீரில் வளர்ந்த கூரை

பாடத்தின் பெயர் ‘கடுஞ்சூழலில் கட்டடம்’. பி.ஆர்க். மூன்றாம் ஆண்டின் டிசைன் பேப்பர். தாம்பரத்தைத் தாண்டி இருந்த எங்கள் கல்லூரியில் நான்கு வருடமாக அதை நான்தான் நடத்திவந்தேன். மாணவர்கள் நிலாவில் வீடு வரைவார்கள். இல்லாவிட்டால் அண்டார்டிகாவில். படங்கள் அழகாக இருக்கும். யாரும் அங்கே போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

2003 ஜனவரியில், முதல் வகுப்பில் சொன்னேன்.

“இந்த வருஷம் சைட் குரோம்பேட்டை.”

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“குரோம்பேட்டைல என்ன சார் கடுஞ்சூழல்?” என்று கேட்டான் லாசரஸ். கடைசி பெஞ்ச். “டிராஃபிக்கா?”

“ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மே மாசம். மதியம் ரெண்டு மணி.”

“சார், நான் மூன் பேஸுக்குன்னு லைப்ரரில புக்கே எடுத்துட்டேன்.”

“திருப்பிக் குடுத்துடு.”

ஷெட்டைக் காட்டியவள் ஃபஹீமா. குரோம்பேட்டைப் பெண். ரயில் பாதைக்குக் கிழக்கே அவள் வீடு. அதே தெருவில் அவள் சித்தப்பாவின் மனைவி சித்திகா ஒரு ஷெட் வைத்திருந்தார். பன்னிரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்து தோல் கையுறை தைத்தார்கள். காலால் மிதிக்கும் மெஷின்கள். சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஏப்ரல் பிறந்தால் பன்னிரண்டு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். நாலரைக்குத்தான் திரும்ப உள்ளே வர முடியும். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு ஷெட். அதில் தோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

விதி ஒன்றுதான் போட்டேன். சூட்டைக் குறைக்க வேண்டும். கரண்ட் கூடாது. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கக் கூடாது. அந்தத் தெருவில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும். விண்வெளி நிலையத்தில் மூச்சிலும் வியர்வையிலும் போகும் ஈரத்தைக்கூடப் பிடித்துத் திரும்பக் குடிக்கிறார்கள் என்று சொன்னேன்.

“உவ்வே” என்றான் லாசரஸ்.

“உங்க வீட்ல குளிச்ச தண்ணி எங்க போகுது?”

யோசித்தான். “தெரியல சார்.”

பதினோரு பேருக்கும் தெரியவில்லை. அதனால் முதல் பயிற்சி அதுவாயிற்று. ஒரு வாரம், அவரவர் வீட்டில் எத்தனை லிட்டர் வருகிறது, எதற்குச் செலவாகிறது, எங்கே போய்ச் சேர்கிறது. கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். முதல் கட்டம்: வீட்டில் எத்தனை பேர். நானும் ஒன்றை நிரப்பினேன். வாத்தியார் செய்யாததை மாணவர்களைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது என் பழக்கம். சேலையூரில் என் வீடு. ஆட்கள்: 1. செப்டம்பர் வரை இரண்டு. என் மனைவி தேவதர்ஷினி மூளைக் காய்ச்சலில் ஐந்து நாளில் போய்விட்டாள். ஒரு நாளைக்கு நாற்பத்தாறு லிட்டர் ஆகிறது என்று எழுதினேன்.

இரண்டாவது பயிற்சி, ஷெட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருவது. உடம்பு என்ன செய்கிறது என்று எழுதுவது. ஜனவரி வெயிலே போதுமானதாக இருந்தது. லாசரஸ் எழுதியிருந்தான்: ‘20 நிமிடத்தில் பனியன் ஈரம். 35 நிமிடத்தில் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.’ அதற்கு நல்ல மார்க் போட்டேன்.

மூன்றாவது, கூரைக்கு என்ன பொருள். வெள்ளை அடிக்கலாம் என்றார்கள். அடித்தார்கள். இரண்டு டிகிரி குறைந்தது. போதாது. தோல் துண்டுகளைச் சாக்கில் அடைத்து ஷீட்டுக்குக் கீழே கட்டினார்கள். மூன்றாம் நாள் சித்திகா அக்கா எல்லாவற்றையும் வாசலில் அள்ளிப் போட்டிருந்தார்.

“சார், தோல் நாத்தம் எங்களுக்குப் பழக்கம்தான். இருவது வருசமா மோந்துகினுதான் கீறோம். ஆனா தலைக்கு மேல தொங்கவுட்டு மோந்தது கெடையாது.”

“மன்னிச்சுக்குங்க அக்கா.”

“மன்னிப்பு இன்னாத்துக்கு. சாக்க மட்டும் எண்ணி வச்சிட்டுப் போவச் சொல்லுங்க.”

பிறகுதான் உயிருள்ள கூரைக்கு வந்தோம். ஷீட்டுக்கு ஒரு அடி மேலே சவுக்குக் கழி நட்டு, கயிற்று வலை கட்டி, அதில் கொடி. இலை வெயிலைத் தாங்கும். இலை விடும் ஈரம் காற்றைக் குளிர்விக்கும். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் காற்று ஓடும். செங்கல் தண்ணீர் கேட்காது. இந்தப் பொருள் கேட்கும். வளரும், நோய் வரும், சாகும். அதை வைத்துக் கட்டுகிறவன் அதைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாசரஸ் ஏதோ பத்திரிகையில் பார்த்த நீலப்பூக் கொடியைச் சொன்னான். மெஷினில் இருந்த முனியம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“பூவா? அத்த வச்சி இன்னா பண்றது? பீர்க்கங்கா போடு. கொழம்புக்காச்சும் ஆவும்.”

பீர்க்கு என்று முடிவானது. அகல இலை. வேகமான வளர்ச்சி. சிமெண்ட் சாக்குகளில் முப்பது செடி. மே மாதத்தில் ஒரு செடிக்குப் பதினைந்து லிட்டர் வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு நானூற்று ஐம்பது.

அந்த வருடம் சென்னையில் நானூற்று ஐம்பது லிட்டர் என்பது சிரிப்பதற்குரிய எண். ஏரிகள் வறண்டிருந்தன. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடியது. ஷெட்டில் குடிக்க மட்டும் இரண்டு குடம். தெருவிலுள்ள வீடுகளில் துணி அலசிய தண்ணீரே கக்கூசுக்குப் போனது. வீணாவது எதுவும் இல்லை.

வழி கண்டுபிடித்தவள் ஃபஹீமாதான். ஷெட்டின் பின்சுவரும் பள்ளிவாசலின் பின்சுவரும் ஒன்று. தொழுகைக்கு முன் கையும் முகமும் காலும் கழுவுவது ஒளு. ஐந்து வேளையும் குழாய் வரிசையில் உட்கார்ந்து செய்வார்கள். சோப்பு கிடையாது. பள்ளிவாசலுக்குச் சொந்தக் கிணறு. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நேரே சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.

அளக்க லாசரஸ் போனான். ஸ்டாப்வாட்ச், நோட்டுப் புத்தகம், ஒரு வாளி. நான்கு நாள் வாய்க்காலின் முனையில் உட்கார்ந்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர் அயூப் பாய். ஐந்தாம் நாள் அவர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னா தம்பி, நாங்க மூஞ்சி கழுவறத எண்ணிகினு கீறியா?”

“ஆளுக்கு ரெண்டேகால் லிட்டர் வருது பாய்.”

“வெள்ளிக்கெழம?”

“மூணு மடங்கு.”

அயூப் பாய் சிரித்தார். “ஊரே வருதில்ல. உன் பேரு இன்னா?”

“லாசரஸ்.”

“சரிதான். பாதிரியார் கேட்டா இன்னா சொல்லுவ?”

“மார்க்குக்காகன்னு சொல்லுவேன் பாய்.”

பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தில் அனுமதி கேட்கப் போனபோது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒளுச் செய்த தண்ணீர் சாக்கடையில் போவது அவர்களுக்கு முன்பே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ‘செடிக்குப் போறதுன்னா சந்தோஷமா எடுத்துக்குங்க’ என்றார்கள். சுவரில் ஒரு துளை. குழாய். மண்ணும் முடியும் தங்க ஒரு டிரம். அதிலிருந்து, மிச்ச அழுக்கை உறிஞ்ச ஒரு கல்வாழைப் பாத்தி. பாத்தியிலிருந்து முப்பது சாக்குக்கும் சின்னக் குழாய்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு லிட்டர். பிப்ரவரி முதல் வாரம் விதை போட்டோம். மார்ச்சில் கொடி சுவர் ஏறிவிட்டது.

மார்ச்சில்தான் நான் அந்த வார்த்தையை விட்டேன்.

துறைத்தலைவர் ஏகநாதன் சார் நல்ல மனிதர். செப்டம்பரில் என் வகுப்புகளை ஒரு மாதம் அவரே எடுத்தார். ஆனால் விதி என்றால் விதி. டிசைன் பேப்பருக்கு ஆறு ஷீட் படம் வேண்டும். அதை வைத்துத்தான் தேர்வுக் குழுவான ஜூரி மார்க் போடும்.

“உங்க பசங்க எத்தன ஷீட் போட்டிருக்காங்க வெற்றிவேல்?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“மத்ததெல்லாம் குரோம்பேட்டைல நிக்குது சார்.”

“நான் குரோம்பேட்டைக்கு மார்க் போட முடியாதுய்யா.”

“ஜூரிய அங்க வைங்க. மே பதினஞ்சு, மதியம் ரெண்டு மணி. ஃபேன் கிடையாது. நீங்களும் வெளித்தேர்வாளரும் ஒரு மணி நேரம் உக்காருங்க. உக்கார முடியலன்னா பதினோரு பேரையும் ஃபெயில் பண்ணுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். டிசைன் பேப்பரில் தோற்றால் நான்காம் ஆண்டுக்குப் போக முடியாது. அரியர் கிடையாது.

“அவங்களுக்கு ஒரு வருஷம் போயிடும்.”

“போகட்டும் சார்.”

மறுநாள் வகுப்பில் சொன்னேன். மேஜையைத் தட்டினார்கள். “கெத்து சார்” என்றான் லாசரஸ். அது தைரியம் என்று நினைத்தார்கள். செப்டம்பருக்குப் பிறகு எனக்குப் பயம் என்று ஒன்று இல்லை. பசி, தூக்கம், கோபம், எதுவும் அவ்வளவாக இல்லை. அப்படிப்பட்ட ஆள் பந்தயம் கட்டுவது எளிது. கட்டியது அவர்களுடைய வருடத்தை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் கூரை ஷீட்டே தெரியவில்லை. மேலே முழுக்க இலை. மஞ்சள் பூ. மதியம் இரண்டு மணிக்கு வெளியே முப்பத்தொன்பது. தோல் வைத்த ஷெட்டில் நாற்பத்து மூன்று. எங்கள் ஷெட்டில் முப்பத்து நாலரை. ஒரு நாள் மதியம் முனியம்மா வெளியே போகாமல் மெஷினிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் தெருவில் ஆடாத குறை.

ஏப்ரல் இருபத்து நாலு, பள்ளிவாசல் கிணறு வற்றியது.

அயூப் பாய் மைக்கில் அறிவித்தார். குடிக்கத் தவிர தண்ணீர் இல்லை, எல்லோரும் வீட்டிலேயே ஒளுச் செய்துவிட்டு வரவும். குழாய் வரிசையைச் சாக்கால் மூடிக் கட்டினார்கள். எங்கள் டிரம்முக்கு வந்த குழாய் அன்று மாலையே காய்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் இலைகள் மதியத்தில் தொங்கின, சாயங்காலம் நிமிர்ந்தன. மூன்றாம் நாள் நிமிரவில்லை. நாலாம் நாள் தென்மேற்கு மூலையில் ஓரங்கள் கருகிச் சுருண்டன. மதியம் ஒரு மணிக்கு மெஷின்களை நிறுத்திவிட்டுப் பெண்கள் வெளியே போனார்கள்.

லாசரஸ் சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்தான். “சார், நாங்க காசு போட்டிருக்கோம். ரெண்டு லாரி சொல்லிடலாம். பதினஞ்சாந்தேதி வரைக்கும் தாங்கும்.”

“வேண்டாம்.”

“யாருக்கு சார் தெரியப்போகுது?”

“செடிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இந்தத் தெருவில குடத்தோட நிக்கிறவங்களுக்குத் தெரியும்.”

அவன் நோட்டுகளைத் திரும்ப வைத்துக்கொண்டான். அவன் அப்பா பல்லாவரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு வருடக் கட்டணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஷெட்டுக்குள் நின்றிருந்தோம். கருகிய மூலை வழியாக வெயில் ஷீட்டில் விழுந்து சூடு தலைக்கு இறங்கியது. பதினோரு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசி முகத்துக்கு வந்தபோது அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று, அது பயம் என்று தெரிய. ஏழு மாதமாக அதை நான் பார்க்கவில்லை.

“என் தப்பு,” என்றேன். “ஏகநாதன் சார்கிட்ட போய்ச் சொல்லிடறேன். ராத்திரி பகலா உக்காந்து ஆறு ஷீட்டும் வரைஞ்சிடுங்க.”

ஃபஹீமா சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையின் முன் போய் நின்றாள். லாசரஸ் எண்ணி எழுதியது. தொழுகை வேளை வாரியாக: அதிகாலை பஜ்ர் 38 பேர், மதியம் லுஹர் 47, பிற்பகல் அசர் 41.

“சார், தண்ணி நிக்கல.”

“என்ன?”

“இன்னிக்கிக் காலைல எங்க அத்தா பாத்ரூம்ல ஒளுச் செஞ்சிட்டுத்தான் பள்ளிக்குப் போனாங்க. அண்ணனும் அப்படித்தான். தண்ணி நிக்கல சார். எடம் மாறிடுச்சு. வீடு வீடாப் போயிடுச்சு.”

“சரி.”

“அது மட்டும் இல்ல.” அவள் அட்டவணையில் விரல் வைத்தாள். “இது ஆம்பளைங்க மட்டும். எங்க வீட்ல அம்மா, நான், அக்கா. நாங்க அஞ்சு வேளையும் வீட்லதான் செய்யறோம். எப்பவும். எங்க தண்ணி இந்தக் குழாய்ல ஒரு நாளும் வந்ததே கிடையாது.” அவள் குரல் கொஞ்சம் ஏறியது. “மூணு மாசமா தெருவோட தண்ணிய எண்ணிட்டிருக்கேன் சார். என்னையே நான் எண்ணல.”

லாசரஸ் ஏற்கெனவே கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். இரண்டு தெருவில் நாற்பத்தொரு வீடு. ஆண், பெண் சேர்த்து வீட்டுக்கு நாலு பேர். வீட்டில் சொம்பால் செய்தால் ஆளுக்கு ஒரு லிட்டர்தான். வேலைக்குப் போகிறவர்களைக் கழித்தாலும் அறுநூறு.

“மச்சான், பழசவிட ஜாஸ்திடா” என்றான் யாரையோ பார்த்து.

சித்திகா அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டார்.

“ஃபஹீமா, செருப்பப் போடு. வா.”

“எங்க சாச்சி?”

“வூடு வூடா. நீ பாட்டுக்கு லிட்டரு கிட்டருன்னு பேசாத. நான் பேசிக்கறேன்.”

என்ன பேசினார் என்று பிறகு ஃபஹீமா சொன்னாள். ஒரே வாக்கியம்தான். ‘ஒளுத் தண்ணிய சாக்கடைல வுடாத, பேசின்ல புடிச்சி வை, எங்க தலைக்கு நெழலாவும்.’ நாற்பத்தொரு வீட்டில் முப்பத்தெட்டு வீடு சரி என்றது. அந்தத் தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றவும் மனமில்லாமல், வேறு வழியும் தெரியாமல்தான் அவர்கள் விட்டுக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்று வீட்டிலும் முன்பே செம்பருத்திக்கும் மருதாணிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதை நாங்கள் கேட்கவில்லை.

லாசரஸ் ஒரு மீன்பாடி வண்டியை வாடகைக்குப் பிடித்தான். இரண்டு நீல டிரம். மூன்று சக்கரத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு காலையும் மதியமும் மாலையும் தெருவில் போவான். பெண்கள் வாசலில் இருந்து குரல் கொடுப்பார்கள்.

“அடியே, ஒளுத் தண்ணி வண்டி வந்திச்சி!”

“தம்பி, நேத்து எங்க வூட்ட வுட்டுட்டு இன்னா அவசரமாப் போய்க்கினு இருந்த?”

“ஆன்ட்டி, பேசின் நிறையவே இல்ல.”

“மருமவ ஊருக்குப் போயிருக்கா, எப்பிடி நெறையும்? நாலு பேருக்கு நான் ஒருத்தியா ஒளுச் செய்ய முடியும்?”

முனியம்மா வேறு ஒரு சண்டையோடு வந்தாள். “இன்னா சார், எங்க தண்ணி மட்டும் ஆவாதா? அரிசி களைஞ்ச தண்ணி தினிக்கும் ஒரு குண்டான் கீது. செடி வேணாங்குதா?”

செடி வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவின் வடக்குக் கோடியில் இருந்த, ஒளுச் செய்யாத பதினாலு வீடுகளிலிருந்து கழுநீர் வரத் தொடங்கியது. முதல் நாள் முந்நூற்றுப் பத்து லிட்டர். ஐந்தாம் நாள் எழுநூறு. லாசரஸால் தனியாக மிதிக்க முடியவில்லை. நானும் தள்ளினேன். உள்ளங்கை கொப்புளித்தது. சாயங்காலம் ஸ்டேஷன் எதிரே இரண்டு செட் தோசை சாப்பிட்டேன். இன்னும் ஒன்று கேட்டேன்.

மே நாலாம் தேதி, கருகிய கணுவுக்குக் கீழே ஒரு துளிர். எட்டாம் தேதி எண்ண முடியவில்லை. ஆனாலும் தென்மேற்கு மூலை மூடவில்லை. ஒரு பாய் அளவுக்கு ஓட்டை. அதற்குள் பதினைந்தாம் தேதி வந்துவிட்டது.

கத்திரி வெயில். வெளியே நாற்பத்தொன்று. வெளித்தேர்வாளர் சுந்தரவல்லி மேடம் மயிலாப்பூரிலிருந்து காரில் வந்தார். ஐம்பது வயது. கறாரானவர் என்று பெயர். ஏகநாதன் சார் கழுத்தில் ஈரத் துண்டோடு வந்தார்.

முதலில் தோல் ஷெட்டைத் திறந்து உள்ளே அழைத்துப் போனேன். தெர்மாமீட்டரில் நாற்பத்தைந்தரை. மேடம் நான்கு நிமிடம் நின்றார். ஏகநாதன் சார் இரண்டு.

“புரியுது. வாங்க” என்றார் மேடம்.

பிறகு எங்கள் ஷெட். பச்சை வெளிச்சம். பன்னிரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்தாறு. மணி இரண்டு அடித்தது. நாற்காலிகளைப் போட்டோம். பதினோரு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரே ஒரு ஷீட். இரண்டு தெரு, பள்ளிவாசல், ஷெட், வீடுகள். ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு எண். கீழே கூரையின் குறுக்கு வெட்டு.

“மூலைல அது என்ன ஓட்டை?” மேடத்தின் முதல் கேள்வி.

ஃபஹீமா எழுந்தாள். நான் சொல்லிக்கொடுத்து வைக்கவில்லை. “அது எங்க தப்பு மேடம். பள்ளிவாசல் குழாய் ஒண்ணத்தான் எண்ணினோம். அது நின்னதும் செடி கருகிடுச்சு. அப்புறம்தான் வீட்டுல இருக்கறவங்கள எண்ணினோம். முதல்லயே எண்ணியிருந்தா ஓட்டை இருக்காது.”

“வீட்டுல இருக்கறவங்கன்னா?”

“பொம்பளைங்க மேடம்.”

சுந்தரவல்லி மேடம் பேனாவை மூடினார். எழுந்து போய் ஷீட்டின் அருகில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

“மழைக்காலம் வந்தா?”

“கொடி அதுக்கு முன்னாடியே காஞ்சிடும் மேடம். நாலஞ்சு மாசம்தான். திரும்ப விதைக்கணும்.”

“நீங்க நாலாம் வருஷம் போயிடுவீங்க. யார் விதைப்பா?”

ஃபஹீமா வாயைத் திறப்பதற்குள் மெஷின் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நாங்கதான். பின்ன இன்னா, நீயா வந்து வெதைக்கப் போற?”

“முனிம்மா!” என்றார் சித்திகா அக்கா.

“கேட்டாங்க, சொன்னேன். வெதைக்கு நாலு காய முத்த வுட்டிருக்கேன். வேணும்னா ஏறிப் பாக்கச் சொல்லு.”

மேடம் சிரித்துவிட்டார். ஷெட் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு கேள்விகள் வேகமாக வந்தன. வலையின் உயரம் ஏன் ஒரு அடி, கல்வாழை என்ன செய்கிறது, பூச்சி வந்தால் என்ன, கூரை ஷீட் கனம் தாங்குமா. பதினோரு பேரும் பதில் சொன்னார்கள். ஒருவர் விட்டதை ஒருவர் பிடித்தார்கள். நிலாவில் வீடு வரைந்த எந்த வகுப்பும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் அங்கே வேலை செய்திருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்றார்கள்.

மேடம் மணியைப் பார்த்தார். மூன்று பத்து. யாரும் கவனிக்கவில்லை.

“ஏகநாதன், நீங்க ஏதாவது கேக்கணுமா?”

எல்லோரும் திரும்பினோம். ஏகநாதன் சார் நாற்காலியில் சாய்ந்து, ஈரத் துண்டு மடியில் விழ, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாசரஸ் மெல்ல எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்து எழுதினான். ‘3.10. உள்ளே 36. வெளியே 41. துறைத்தலைவர் தூக்கம்.’ மேடத்திடம் கொடுத்தான். அவர் படித்தார். அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

“பதினோரு பேரும் பாஸ். மார்க் அப்புறம். முதல் மார்க் எண்பதுக்குக் கீழ இருக்காது.”

சத்தம் எழுந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், பெண்கள் மெஷின் பலகையைத் தட்டினார்கள். சித்திகா அக்கா ஃபஹீமாவைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தமிட்டார். லாசரஸ் என்னைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். தூக்கிவிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை கிடைக்கவில்லை.

ஏகநாதன் சார் திடுக்கிட்டு விழித்தார். “என்ன, என்ன ஆச்சு? ஒரு மணி நேரம் ஆயிடுச்சா?”

“மூணேகால் சார்” என்றாள் ஃபஹீமா.

அவர் மேலே பார்த்தார். இலைகளைப் பார்த்தார். மேடம் நீட்டிய பதிவேட்டைப் படித்தார். முகம் சிவந்தது. பிறகு பேனாவை எடுத்து, கையுறைக் குவியலை ஒதுக்கி, அங்கேயே மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். என்னைக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள்.

“அடுத்த வருஷம் சைட் எதுய்யா?”

அடுத்த வருடம். செப்டம்பருக்குப் பிறகு அப்படி ஒன்றை நான் யோசித்ததே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“பள்ளிக்கரணை சார். குப்பைமேட்டு ஓரம்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க ஜூரி வச்சா என்னால தூங்க முடியாதே வெற்றிவேல்.”

“தூங்க வைப்போம் சார்” என்றான் லாசரஸ்.